ஆணி பூட்ஸ்

"உலோகம் தேடுற கருவி இரும்புன்னு கத்தினா நகர்ந்துடுடி. மரம் ஏத்தின துறைமுகம், மண்ணெல்லாம் ஆணிதான். நூலகத்துல வரைபடம் வரைபடமா பார்த்தியே, சாராயக்கடை எங்கே? காசு அங்கதான் கிடக்கும்," என்றான் லோவெல்.

ஹியூரான் ஏரியில் ஆறு கலக்கும் கரையில், பட்டுப்போன பைன் மரத்தடியில் தங்கை எல்சி தோண்டிக்கொண்டே இருந்தாள். தோல் மக்கிப்போய், குட்டை ஆணிகள் மட்டும் இரண்டு பாத வடிவில் கிடந்தன. ஒரு குதிகாலில் மட்டும் தடித்த தகடு.

"வெட்டின மரக்கட்டைய ஆத்துல மிதக்கவிட்டு ஓட்டும்போது மூழ்கினவனைக் கரையிலேயே புதைச்சு, கட்டை மேல வழுக்காம இருக்க அவன் போட்டிருந்த ஆணி பூட்ஸை மரத்துல மாட்டுவாங்களாம், அண்ணே."

லோவெல் கருவியைக் கீழே வைத்தான். கட்டை ஓட்டப் போய்த் திரும்பாத தாத்தாவுக்கு ஒரு கால் குட்டை என்று அப்பா வசையோடுதான் சொல்வார்.

காரில் காத்திருந்த அப்பாவின் கையில் எல்சி தகட்டை வைத்தாள். "உங்கப்பா யாரோடயும் ஓடிப்போகலப்பா."

கிழவர் அதைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"ஓடுகாலி பேரு வேண்டாம்னு நான் குடும்பப் பேரையே மாத்திக்கிட்டேனேம்மா."