ஈய எழுத்து

முதல் ஃபிலிமை டெவலப்பர் தொட்டியில் இறக்கினான் ஜம்புலிங்கம். இரண்டாவதை அதன் பக்கத்தில் இறக்கினான்.

இனி ஐந்து நிமிடம் ஊற வேண்டும்; இருட்டறைக் கதவைத் திறக்கக்கூடாது. ஒரு கீற்று வெளிச்சம் பட்டாலும் ஃபிலிம் முழுக்கக் கறுத்துவிடும். சிவப்பு விளக்கு மட்டும்தான் ஃபிலிமின் கண்ணுக்குத் தெரியாது.

வெளியே பகல் பதினொரு மணி. கதவுக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அவன் மனைவி நீலாவதி இருமினாள். மடியில் பத்து மாதப் பெண் குழந்தை.

நாலு மணிக்குத் தீவிலிருந்து மெட்ராஸ் கப்பல். அடுத்தது மூன்று வாரம் கழித்து.

மூன்று வாரம் என்றால் இருபத்தோரு ஊசி.

நீலாவதிக்குக் காசநோய் என்று தினமும் ஊசி போட்டார்கள். இருமல் குறையவில்லை. காதுதான் குறைந்துகொண்டே வந்தது. அந்த மருந்துக்கு அப்படி ஒரு குணம் உண்டு. இடது காது போய்விட்டது. வலது காதில் ஓயாத இரைச்சல்.

ஆஸ்பத்திரிக்கு எக்ஸ்ரே எடுப்பவன் அவன்தான். அவளுடைய இதயம் வலது பக்கம் இருப்பதை அவன்தான் முதலில் பார்த்தான். ஃபிலிம் மெட்ராஸுக்குப் போனது. நெஞ்சு டாக்டர் ஒரே வரியில் பதில் எழுதினார்: எழுத்தை மாற்றி ஒட்டியிருக்கிறீர்கள், மறுபடி எடுக்கவும்.

மறுபடி எடுத்து அனுப்பினான். மறுபடி அதே வரி வந்தது.

எழுத்து என்றால் ஈயத்தில் செய்த ஆங்கில 'ஆர்'. எக்ஸ்ரே கதிர் ஈயத்தைத் துளைக்காது. சுற்றிலும் கறுக்கக் கறுக்க, அது மட்டும் வெள்ளையாக மிஞ்சும். வலது தோளுக்கு நேரே ஒட்ட வேண்டும். ஃபிலிமை எப்படித் திருப்பினாலும் எழுத்தும் உடம்பும் சேர்ந்தே திரும்பும். ஆகவே ஃபிலிம் பொய் சொல்லாது. ஒட்டுகிறவன் சொல்லலாம்.

இரண்டாவது கடிதத்தின் அடியில் வேறு யாரோ பென்சிலால் எழுதியிருந்தார்கள். இதயம் உண்மையிலேயே வலது பக்கம் என்றால் இது காசநோய் அல்ல; பிறவியில் வருவது, சொந்தத்துக்குள் கட்டிய குடும்பங்களில் அதிகம். நுரையீரலால் சளியை மேலே தள்ள முடியாது. ஊசியை நிறுத்துங்கள். தலையைத் தாழ்த்திப் படுக்கவைத்து, கையைக் குவித்து முதுகில் தட்டுங்கள்.

அதன் கீழே இரண்டு கேள்விகள். குடும்பத்தில் வேறு யாருக்காவது உண்டா என்பது முதல் கேள்வி. இல்லை என்று எழுதிவைத்தான். இரண்டாவதை அப்புறம் எழுதலாம் என்று விட்டிருந்தான்.

அன்றிலிருந்து தினமும் காலையில் தட்டினான். கட்டிலின் கால்மாட்டுக்கு இரண்டு படாக் மரக் கட்டைகளை அண்டை கொடுத்தால் போதும். உள்ளே தேங்கியது தன் கனத்திலேயே தொண்டைக்கு இறங்கி வந்துவிடும். உள்ளே ஆளில்லாத வீட்டைத் தட்டுவது போன்ற சத்தம். ஆனால் அவள் சாப்பிட ஆரம்பித்தாள்.

ஊசி மட்டும் நிற்கவில்லை. பென்சில் வரியை நம்பி எந்த டாக்டர் நிறுத்துவார்?

அதனால்தான் இன்றைக்கு இரண்டு ஃபிலிம். எழுத்தை ஸ்டாண்டிலேயே பிளாஸ்திரி போட்டு ஒட்டியிருந்தான். அதை அசைக்காமல் இரண்டு நெஞ்சுகள்: நீலாவதியுடையது ஒன்று, சாதாரணமானது ஒன்று. ஒன்றில் இதயம் எழுத்தின் பக்கமும் மற்றதில் எதிர்ப் பக்கமும் விழுந்தால், எழுத்தை யார் குறை சொல்ல முடியும்?

தன் நெஞ்சையே காட்டியிருப்பான். சுவிட்சை அமுக்கத் தெரிந்த வேறு ஆள் இல்லை.

"பாப்பாவ எடுங்க மாமா," என்றிருந்தாள் நீலாவதி. "எனக்கு நெஞ்சு எந்தப் பக்கம்னு பாக்காமக் கட்டிக்கிட்டீங்க. அவளையாச்சும் பாத்துட்டு ஒருத்தன் கையில குடுப்போம்."

குழந்தை மூக்கு ஒழுகத் தும்மியது. எட்டு மாதம் மழை பெய்கிற தீவில் எந்தக் குழந்தைக்குத்தான் சளி இல்லை?

ஐந்து நிமிடம் ஆயிற்று. முதல் ஃபிலிமைத் தூக்கினான். எழுத்து இருந்தது. அதே பக்கம் இதயம். சிரித்துக்கொண்டான்.

இரண்டாவதைத் தூக்கினான். மீன் முள் போன்ற சின்ன விலா எலும்புகள். அவற்றை இரண்டு பக்கமும் பிடித்திருந்தன நீலாவதியின் விரல் எலும்புகள், மணிக்கட்டில் வளையல். நடுவே இதயம்.

எழுத்தின் பக்கம்.

ஃபிலிமைத் திருப்பினான். எழுத்து திரும்பியது. இதயமும் திரும்பியது.

மெட்ராஸ் டாக்டர் இதைப் பார்த்து என்ன எழுதுவார் என்பது உடனே தெரிந்தது. எழுத்தை மாற்றி ஒட்டியிருக்கிறீர்கள். அதற்கு இப்போது இரண்டு சாட்சி.

ஆனால் எழுத்து சரியான இடத்தில்தான் இருந்தது. ஒட்டியவனுக்குத் தெரியும்.

இரண்டு ஃபிலிம்களையும் அலசி ஃபிக்ஸரில் இறக்கினான். அதில் போட்ட பிறகு படம் மாறாது.

"பாபு, ஜல்தி!" ஆஸ்பத்திரி உத்தியோகஸ்தர் எல்லாரையும் பாபு என்கிற ஆயா மரகதம் கதவைத் தட்டினாள். "தபால் பையக் கட்டிட்டான்னா கப்பலுக்கு நீயா நீந்திப் போவ?"

எழுத்து சரி என்று மெட்ராஸ் நம்ப ஒரே ஒரு வழி இருந்தது. விட்டுவைத்த கேள்விக்குப் பதில் எழுத வேண்டும்.

'கணவர் சொந்தமா, அன்னியமா?'

"மாமா!" காது கேளாதவளின் உரத்த குரலில் நீலாவதி கூப்பிட்டாள். "முடிஞ்சுதா மாமா?"

"இரு," என்றான். அவளுக்குக் கேட்கவில்லை. மறுபடி கூப்பிட்டாள்.

தீவில் பாதித் தமிழ்ப் பெண்கள் புருஷனை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள்.

இவள், பேச்சு வந்த நாளிலிருந்து கூப்பிடுகிறாள். இடுப்பில் தூக்கிவைத்துக்கொண்டு, அவனைச் சுட்டிக்காட்டி, அந்த வார்த்தையைச் சொல்லிக்கொடுத்தது அவனுடைய அக்கா.