ஏழாம் குப்பி

ஏழாவது குப்பி மறுபடியும் ஒளிர்ந்தது.

அவள் புற ஊதா விளக்கை அணைத்துவிட்டுத் திரும்பவும் போட்டாள்.

அதே பச்சை.

ஒளிரக் கூடாத குப்பி அது. முருங்கைக்கீரையைக் கரியாக்கி, கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்களைப் பிரித்தெடுத்திருந்தாள். ரத்தத்தில் புற்றுநோயின் புரதம் இருந்தால் அவை அதைப் பற்றிக்கொண்டு ஒளிரும். இல்லையென்றால் குப்பி இருட்டாகக் கிடக்கும்.

நோயாளிகளின் குப்பிகள் எல்லாம் ஒளிர்ந்தன. நோயில்லாதவர்களின் வரிசையில் இது ஒன்று மட்டும் அடங்க மறுத்தது.

புதுத் துகள் போட்டுப் பார்த்தாள். கையுறையை மாற்றினாள். குப்பியையே மாற்றினாள்.

முதுகுக்குப் பின்னால் பேராசிரியர் சிதம்பரநாதன் நின்றிருந்தார். அவளுடைய ஆய்வு நெறியாளர். தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்பவர்.

"கை சுத்தமில்ல. அதான்."

"துகள்ல தப்பில்ல சார்."

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். கோட்டாவுல உள்ள வந்தா இப்படித்தான்."

இது புதிதல்ல. வந்த புதிதில் அழுதாள். பிறகு அழுவதை விட்டுவிட்டு வெறுக்கக் கற்றுக்கொண்டாள். ஆய்வைவிட அது சுலபமாக வந்தது.

நோயில்லாத ரத்தத்துக்காக அவர்கள் துறையில் யாரும் வெளியே அலைவதில்லை. அங்கே இருப்பவர்களே கையை நீட்டுவார்கள். யாருடையது எது என்று தெரியாமலிருக்கக் குப்பியில் எண் மட்டும் இருக்கும். எண் ஒட்டுகிறவர் ஒருவர், சோதிக்கிறவர் வேறொருவர் என்பது விதி.

ஆள் பஞ்சம். இரண்டும் அவள்தான்.

போன மாதம் சிதம்பரநாதன் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். எல்லோர் காதிலும் விழும்படி, "சுத்தமான ரத்தம். எங்க பரம்பரையில ஒரு நோய் நொடி கிடையாது" என்றார்.

அதற்குத்தான் ஏழு என்று ஒட்டினாள்.

முதலில் அது ஒளிர்ந்தபோது, நன்றாக வேண்டும் என்றுதான் நினைத்தாள். நினைத்த சுகம் அரை நிமிடம்கூட நிற்கவில்லை. என் துகள் தப்பாகப் போகட்டும் என்று வேண்டிக்கொண்டே அடுத்த முறை போட்டாள்.

துகள் தப்பாகவில்லை.

சொன்னால், பழி வாங்குகிறாள் என்பார். கட்டுரை போகும், பட்டமும் போகும். சொல்லாவிட்டால் ஒன்றும் ஆகாது.

அவளுக்கு.

"இத மட்டும் எடுத்துட்டுக் கட்டுரைய அனுப்பு" என்றார். "கண்ட நோயாளி ரத்தத்தத் தொட்ட கையோட இதத் தொட்டிருக்க. தொட்டியில கொட்டு. நான் பாக்கணும்."

சரிங்க சார் என்று சொல்லியே பழகிய வாய். அது நுனிநாக்கு வரை வந்தது.

குப்பியை எடுத்தாள். தொட்டிப் பக்கம் போகவில்லை. அவரிடமே நீட்டினாள். நீட்டியது பயத்திலா, வஞ்சத்திலா என்று அவளுக்கே விளங்கவில்லை.

"நீங்களே கொட்டிடுங்க சார். அது உங்க ரத்தம்."

சிதம்பரநாதன் வாங்கவில்லை.

குப்பியையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார். அவள் பொய் சொல்கிறாளா என்று முகத்தில் தேடினார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார்.

"உன் கை... சுத்தமில்லதான?"

இத்தனை வருடத்தில் அவர் அவளிடம் எதையும் கேட்டதில்லை. சொன்னதோடு சரி.

ஆமாம் சார் என்று சொல்லிவிடலாம் போலிருந்தது.