பத்தாவது ஆள்

"பத்தாவது ஆள் நீங்கள்தான். நீங்கள் வராட்டி ஒண்டும் நடக்காது."

குளியலறைக் கதவுக்குப் பின்னால் நின்று புஸ்பவதி யாரிடமோ கைபேசியில் டொச்சு மொழியில் கெஞ்சுவது யோகலிங்கத்துக்குத் தெளிவாகக் கேட்டது. ஜெர்மனியின் எசன் நகரில் அவரோடு முப்பது வருடம் குடும்பம் நடத்தியவள். அவரிடம்கூட இப்படிக் குழைந்து பேசியதில்லை.

அவள் சமையலறைக்குப் போனதும் அவளுடைய கைபேசியை எடுத்து அழைப்புகளைப் பார்த்தார். போரிஸ், மிஷா, லியோனிட், டேவிட்... அத்தனையும் ஆண்கள். ஞாயிறும் புதனும் பின்னேரத்தில், மாதக்கணக்கில்.

பொறாமை அவருக்குப் புதிதல்ல. யாழ்ப்பாணத்து வீட்டைத் தங்கச்சிக்கு எழுதிவிட்டாள் என்ற எரிச்சலில் பெற்ற தாயோடு பத்து வருடம் பேசாதிருந்தவர். போன வருடம் அவள் கண்ணை மூடியபோது, ஒரே மகன், கொள்ளி வைக்கப் போகவில்லை. படத்துக்கு விளக்கேற்றவும் புஸ்பவதியை விடவில்லை.

வியாழக்கிழமை காலை வேலைக்குச் சுகமில்லை என்று அறிவித்துவிட்டு மனைவியைப் பின்தொடர்ந்தார். ட்ராமில் அவள் முன்பெட்டியில் ஏறினாள், அவர் பின்பெட்டியில். வயோதிபர்களை வீடு வீடாகப் போய்ப் பராமரிப்பது அவள் வேலை. அதற்கு எதற்கு இந்தப் புது நீலக் கோட்டு என்று நெஞ்சு புகைந்தது.

ஒரு மாடிவீட்டுக்குள் போனவள், எண்பத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவரைக் கைத்தாங்கலாக அழைத்துவந்தாள். நடுவழியில் நின்று அவர் கழுத்துத் துணியைச் சரிசெய்துவிட்டாள். கிழவர் என்றும் பாராமல் யோகலிங்கத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன மாரியில் தான் காய்ச்சலில் கிடந்தபோது, குளிசை மேசை லாச்சிக்குள் இருக்கு என்று அவள் சொன்னதோடு சரி.

இருவரும் யூதர்களின் சிறிய செபக்கூடத்தை அடைந்தார்கள். புஸ்பவதி வாசலிலேயே நின்று, வந்த ஆண்களை விரல் மடித்து எண்ணினாள். கடைசி ஆள் மூச்சுவாங்க ஓடிவந்ததும் முகம் மலர்ந்து உள்ளே போனாள்.

யோகலிங்கத்தால் பொறுக்க முடியவில்லை. வாசல் காவலரிடம் போய், உள்ளே என் மனைவிக்கு என்ன வேலை என்று கேட்டார்.

காவலர் பொறுமையாகச் சொன்னார். உங்கள் மனைவி கூட்டிவந்த ஹெர் ஃபெல்ட்மன் திங்களும் வியாழனும் காலையில் இங்கே கடிஷ் சொல்கிறார். பெற்றவர் இறந்தால் மகன் சொல்லவேண்டிய பிரார்த்தனை அது. பத்து யூத ஆண்கள் கூடாமல் சொல்ல முடியாது. மகன் சொல்லாவிட்டால் இன்னொருவர் அந்தப் பொறுப்பை ஏற்கலாம். பதினொரு மாதம் சொல்லவேண்டும், இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது. ஃபெல்ட்மனுக்குக் காது கேட்காது, அதனால் ஆட்களைச் சேர்ப்பதெல்லாம் உங்கள் மனைவிதான்.

திறந்திருந்த கதவு வழியே பார்த்தார். நடுங்கும் குரலில் கிழவர் சொல்லச் சொல்ல, மற்றவர்கள் "ஆமென்" என்றார்கள். தலையில் துணியைப் போர்த்தியபடி பின்சுவரோரம் நின்ற புஸ்பவதியின் கன்னத்தில் கண்ணீர் வழிந்தது.

சந்தேகம் போய்விட்டது. பொறாமை போகவில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரனின் தாய்க்கு இவள் இப்படி உருகுகிறாளே என்றிருந்தது.

வெளியே வந்தவள் அவரைக் கண்டு திகைத்தாள்.

"அவற்ர தாய்க்கு நீர் ஏன் அழுறீர்?" என்றார் யோகலிங்கம்.

"அவற்ர தாய் செத்து நாப்பது வருசம்." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் சொல்லுறது உங்கட அம்மாவுக்கு."