குகை வாசலில் கரடி

ஞாயிறு மதியம், திருப்பதியில் உள்ள வீட்டில் இருபது முகப் பகடையை உருட்டி ஆடும் கதை விளையாட்டு. யாமினிதான் கதையை நடத்துபவள். வழியில் வரும் மிருகங்களுக்கெல்லாம் அவளே குரல். அவள் புருஷன் லோகேஸ்வரனும் அவன் தம்பி வேணுவும் வீரர்கள்.

“குகை வாசல்ல கரடி நிக்குது. என்ன பண்றீங்க?”

“வெட்டுண்ணா!” என்றான் வேணு.

லோகேஸ்வரன் யாமினியைப் பார்த்தான். “அது ஏன் கோவமா இருக்குது?”

“அம்மாகிட்ட கூட்டிக்கினு போறேன்னு ஒருத்தன் சொன்னான். நேத்தெல்லாம் ஆளையே காணோம். காலைலகூட துன்னாம கிடக்குது.”

“வீரன் வாளைக் கீழ போட்டுட்டு மன்னிப்பு கேக்கறான்.”

“கரடிகிட்டயா?” வேணு தலையில் அடித்துக்கொண்டான்.

“நாளைக்கே புத்தூருக்கு, அதோட அம்மா வீட்டுக்குக் கூட்டிக்கினு போறேங்கறான்.”

“காட்டுல புத்தூர் எங்கண்ணா வந்துச்சு?”

யாமினி நிமிரவில்லை. “உருட்டு. பதினைஞ்சுக்கு மேல விழுந்தா வழிவிடும். இல்லன்னா வீரன் காலி.”

உருட்டினான். பகடை அவள் முன்னால் போய் நின்றது. மூன்று விழுந்ததை லோகேஸ்வரன் பார்த்துவிட்டான்.

நேற்றிலிருந்து விளையாட்டுக்கு வெளியே புருஷனிடம் ஒரு வார்த்தை பேசாத யாமினி, வேணு எட்டிப் பார்ப்பதற்குள் பகடையைக் கையால் மூடினாள்.

“பதினெட்டு,” என்றாள். “கரடி வழிவிட்டுச்சு.”