சாரங்கன் பொறுக்கியெடுத்த கோஷ்டி

"டோக்கியோவுல சங்கீத மேல்படிப்பு, கப்பல் செலவும் ஜப்பான்காரனே தர்றான். அதை வேணாம்னுட்டு பாட்டு வாத்தியார் வேலையாடா?"

கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸ் முழுக்கப் பிடிலுக்குப் பேர்போன மகன் சாரங்கனை நாகையா வாய் ஓயாமல் திட்டினார். அவனோ சிரித்துக்கொண்டே கிள்ளானுக்குக் கிளம்பிவிட்டான். அங்கே, மலாயாவைப் பிடித்து ஆண்டுகொண்டிருந்த ஜப்பான் அதிகாரிகளை வரவேற்கும் பாட்டுக் கோஷ்டிக்கு அவன்தான் வாத்தியார்.

மனசு கேட்காமல் ஒருநாள் நாகையாவும் ரயிலேறிப் போய்ப் பார்த்தார். கொட்டகையில் கட்டுமஸ்தான வாலிபர்கள் ஆளுக்கொரு சுருதியில் கத்திக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் ஜப்பான் முத்திரை போட்ட பட்டி.

"ஒருத்தனுக்கும் குரலே இல்லியேடா! எதைப் பார்த்து இவங்கள எடுத்தே?"

"தோளைப் பார்த்துப்பா. இந்த மாதிரி தோள் இருக்கிறவனைத்தான் சயாம் ரயில் ரோடு போட ஜப்பான்காரன் லோரியில அள்ளிட்டுப் போறான். போனவன் எவனும் திரும்பி வர்றதில்ல. கோஷ்டிப் பட்டி கட்டியிருந்தா தொடமாட்டான்."

 திரும்பும்போது நாகையா வாசலில் நின்று மெல்ல ஆரம்பித்தார்.

"பக்கத்து வீட்டு மாரியாயி மகன் தூண் மாதிரி இருப்பானே... ஆனா அவன் வாயைத் திறந்தா தெரு நாயெல்லாம் ஓடிடும் லா."

"நல்ல குரல்ப்பா. நாளைக்கே அனுப்பிவைங்க."