மெழுகுக்காரி

"ஐயோ, ஓடி வாங்கக்கா! மெழுகுக்காரி எம்பிள்ளை மூஞ்சியைப் பொசுக்குதா!"

பவளம் போட்ட கூச்சலில் லைன் வீடு மொத்தமும் வாசலுக்கு வந்துவிட்டது.

மெழுகுக்காரி என்றால் பக்கத்து வீட்டு சரோஜம்மாள். ஓசூருக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகவில்லை. தனிக்கட்டை. தேன்மெழுகை உருக்கி, சாயப்பொடி கலந்து, உள்ளங்கை அகலப் பலகைகளில் சுடச்சுடப் படம் வரைவாள். பெங்களூரில் யாரோ வாங்கிக்கொள்கிறார்களாம்.

"என்ன அம்மாயி? நின்னு நிதானமா சொல்லு," என்றாள் தெலுங்கு பேசும் ஹவுஸ் ஓனர் நாராயணம்மா.

"ராத்திரியிலிருந்து பிள்ளைக்குக் காய்ச்சல் கொதிக்குது. இப்ப அவ ஜன்னல் வழியா பார்க்கேன், பலகையில இவன் மூஞ்சி! அதுக்கு மேல இஸ்திரிப்பெட்டியைக் காட்டிக் காட்டி எடுக்கா. நெத்தி பளபளன்னு உருகுதுக்கா!"

"அய்யோ சிவனே, சூனியம்!" என்று நெஞ்சில் அடித்துக்கொண்டாள் எதிர்வீட்டுக் கெம்பம்மா. "இதுக்குத்தான் நாள் பூரா மெழுகு காய்ச்சறாளா?"

"சூனியம் அது இதெல்லாம் நான் நம்ப மாட்டேன். கான்வென்ட்ல படிச்சவ," என்ற பவளம், அதே மூச்சில், "இசக்கியம்மா, ஏசப்பா, காப்பாத்துங்க!" என்று பிள்ளையை முந்தானைக்குள் மறைத்தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. மூத்த பெண் பத்து மாதத்தில் இப்படி ஒரு காய்ச்சலில்தான் போனாள்.

சரோஜம்மாள் கையில் பலகையோடு வெளியே வந்தாள்.

"மெழுகுப் படம்னா கடைசியில சூடு காட்டணும்மா. அப்பதான் பலகையைப் பிடிச்சுக்கும். இல்லேன்னா உதிர்ந்துடும்."

"தினமும் தொட்டிலை எட்டி எட்டிப் பார்த்தது இதுக்குத்தானா?" என்று பாய்ந்தாள் பவளம். "ஒரு வயசுக்குள்ள போட்டோ எடுத்தா ஆயுசு குறையும்னு ஸ்டூடியோ பக்கமே போகாம பொத்தி வச்சிருக்கேன். யாரைக் கேட்டு வரைஞ்சீங்க?"

சரோஜம்மாள் தயங்கினாள்.

"உங்க வீட்டுக்காரர் ஷிப்டு முடிஞ்சு வரட்டும்மா. அவரே சொல்லுவார்."

"ஓஹோ! அவர் சொல்லுவாரா?" கெம்பம்மா கண்ணை உருட்டினாள். "கதை வேற மாதிரி போகுதே தாயி!"

யாரோ சிரித்தார்கள்.

அவ்வளவுதான். பவளம் பலகையைப் பிடுங்கினாள். வாசலில் எரிந்துகொண்டிருந்த வெந்நீர் அடுப்பில் வீசினாள்.

"வேண்டாம்மா! ஐயோ, அது..."

சரோஜம்மாள் அடுப்புக்குள்ளேயே கையை விட்டாள். அதற்குள் மெழுகு குப்பென்று பிடித்துக்கொண்டது. கையை உதறியபடி நிமிர்ந்தாள்.

"அது என்ன? சொல்லுங்க!"

சரோஜம்மாள் பவளத்தைப் பார்த்தாள். அவள் இடுப்பிலிருந்த பிள்ளையைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லம்மா."

"பாத்தீங்களா, வாயடைச்சுப் போச்சு!" என்றாள் கெம்பம்மா.

"பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணிடும்மா," என்றாள் நாராயணம்மா. "பிள்ளை குட்டிங்க இருக்கிற எடம்."

சரோஜம்மாள் உள்ளே போனாள். வெந்த கையில் ஈரத்துணி சுற்றிக்கொண்டு, மறு கையால் டிரங்குப் பெட்டியைத் தூக்கினாள். கிருஷ்ணகிரி பஸ்ஸைப் பிடிக்கப் போகிறவள் பவளத்தின் வாசலில் ஒரு நிமிடம் நின்றாள்.

"பிள்ளை நெத்திக்கு ஈரத்துணி போட்டுக்கிட்டே இருங்கம்மா. சூடு இறங்கும்."

அலமாரியில் தேங்காயெண்ணெய் இருந்தது. வெந்த கைக்கு எடுத்துக் கொடுக்கலாமா என்று பவளத்துக்குத் தோன்றியது. கதவைச் சாத்திக்கொண்டாள்.

சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வந்த சுடலைமுத்துவிடம் எல்லாவற்றையும் கொட்டினாள்.

"பிள்ளையைத் தொட்டுப் பாருங்க. காய்ச்சல் விட்டுட்டு! அடுப்புல போட்டதும் விட்டுட்டு!"

சுடலைமுத்து தூக்குவாளியைக் கீழே வைக்காமல் நின்றான்.

"அடுப்புலயா போட்ட?"

"ஆமா."

"அப்பவும் அவங்க ஒண்ணும் சொல்லலையா?"

"ஒண்ணுமில்லன்னுட்டா. முதல்ல உங்களை வேற இழுத்தா. லைன் வீடே சிரிச்சுது. உங்களுக்கும் அவளுக்கும் என்ன?"

"விட்டுரு பவளம்."

"விட மாட்டேன். பிள்ளை தலையில கை வச்சுச் சொல்லுங்க."

அவன் சுவரோரமாக உட்கார்ந்தான்.

"நான்தான் வரையச் சொன்னேன்."

"ஒரு வயசு ஆகாத பிள்ளையையா?"

"இவனை இல்லட்டி. மூத்தவளை."

பவளம் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

"அவ மூஞ்சி மறந்துபோகுதுன்னு நீ அழுதல்லா? நம்மகிட்ட ஒரு போட்டோகூட இல்ல. அவ ஜாடை இவன்கிட்ட இருக்குன்னுதான் இவனைப் பார்த்துப் பார்த்து எடுத்தாங்க. மிச்சத்தை நான் சொல்லச் சொல்ல, அழிச்சு அழிச்சு வரைஞ்சாங்க. நேத்துதான், 'இது அவளேதான்'னு சொல்லிட்டு வந்தேன்."

பவளம் பிள்ளையை அவன் மடியில் விட்டுவிட்டு வாசலுக்குப் போனாள். அடுப்பு அணைந்திருந்தது. மண்டியிட்டு, இரண்டு கையாலும் சாம்பலைத் துழாவினாள்.

எதிர்வாசலில் பூக்கட்டிக்கொண்டிருந்த கெம்பம்மா குரல் கொடுத்தாள்.

"நல்லாக் கிளறிப் பாரு தாயி. துளிகூட மிச்சம் வச்சிடாதே!"