ஏழாம் கேள்வி

வேலைப் பரீட்சையின் இருபது கேள்வியில் ஏழாவதை மட்டும் தொடாமல் வந்துவிட்டான் தங்கராசு என்று தெரிந்ததும் கூட வேலை செய்யும் கண்ணையன் தலையில் அடித்துக்கொண்டான்.

"இருக்கறதுலயே சுளுவான கேள்விடா அது. மூணுன்னு எழுதிட்டு வர்றதுதானே? காண்ட்ராக்ட்லயே கெடந்து சாவப் போறியா?"

தங்கராசுக்கு நாலு வருஷமாகச் சுரங்கத்தில் கூலி வேலை. தேறினால் பம்ப் ஆபரேட்டர், பெர்மனென்ட், கூடவே குவார்ட்டர்ஸ். வடக்குத்துக் கிராமத்தில் இருந்த அவன் பெண்சாதி அம்சவல்லி, அந்தக் குவார்ட்டர்ஸில் அடுப்பை எந்த மூலையில் வைப்பது என்பது வரைக்கும் முடிவு செய்துவிட்டாள்.

மறுவாரம் அவனை மட்டும் கூப்பிட்டு அனுப்பினார், பரீட்சை நடத்திய அதிகாரி சண்முகசுந்தரம். கறாரான மனுஷர் என்று பேர். தேறப் பதினைந்து மார்க் வேண்டும், நீ பதினாலு என்றார். பிறகு அந்தக் கேள்வியை அவரே வாசித்தார்.

"சுரங்கத்தில் பம்ப் நின்றுவிட்டது. டியூட்டியில் இருந்தவன் தூங்கிவிட்டான் என்கிறார் சூப்பர்வைசர். எது அவர் வாதத்துக்கு வலு சேர்க்கும்? ஒன்று, அன்று மழை. இரண்டு, பம்ப் பழையது. மூன்று, அவன் அபாய மணியை அடிக்கவே இல்லை."

கண்ணாடியைக் கழற்றினார். "எல்லாப் பயலும் மூணுன்னு எழுதியிருக்கான். உனக்குத் தெரியலையாப்பா?"

"தெரியுங்க. மூணுதாங்க."

"பின்னே?"

தங்கராசு கேள்வித்தாளில் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினான்.

"ரெண்டு வருசம் முன்ன நெசமாவே நடந்ததுங்க இது. அந்த ஆளு எங்க ஊரு குஞ்சிதபாதம். மணிக்கவுறு அறுந்து கெடந்துச்சு. அடிக்க வழியில்லாம சேத்துல அரை மைலு ஓடியாந்து ஆளக் கூப்புட்டாரு."

"மறுநாள் போய்ப் பார்த்தப்போ கயிறு நல்லாத்தானே இருந்தது?"

"விடியக்காலையில அத முடிஞ்சு போட்டவன் நாந்தாங்க. அதனாலயே அவரு பொய் சொல்றாருன்னு வேலையவுட்டு நிறுத்திட்டாங்க. எஞ்சீட்டையும் கிழிச்சிருவாங்கன்னு பயந்துக்கினு நானும் வாயத் தொறக்கல. அன்னிக்கு வலு சேத்தது போதுங்க. இன்னிக்கும் அதையே எழுதக் கை வரல."

சொல்லி முடித்ததும் அவனுக்கு நெஞ்சிலிருந்த பாரம் இறங்கினாற்போல இருந்தது. வேலை கிடைக்காவிட்டால் போகிறது. அம்சவல்லியைத்தான் எப்படியாவது சமாதானம் செய்ய வேண்டும்.

அதிகாரி கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். பிறகு சிவப்புப் பென்சிலை எடுத்து, கேள்வித்தாளில் ஏழாம் கேள்வியைக் குறுக்கே அடித்தார்.

"கேள்வியே தப்பு. எழுதாதவனுக்கும் ஒரு மார்க் உண்டு. நீ தேறிட்டே. நாளைக்குக் குஞ்சிதபாதத்தைக் கூட்டிட்டு வா. இப்போ சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடு, அவனைத் திரும்ப எடுக்கச் சொல்லி நானே மேலே அனுப்பறேன்."

தங்கராசுக்குச் சந்தோஷத்தில் கை கூப்பவும் தோன்றவில்லை. ஒரே ஒரு சந்தேகம் மட்டும் பாக்கி இருந்தது. விசாரணை நடந்த ஆபீஸ் வாசலுக்கே காண்ட்ராக்ட் ஆட்களை விடவில்லை. குஞ்சிதபாதம் மேல் ரிப்போர்ட் எழுதிய சூப்பர்வைசர் யாரென்று அவனுக்கு இன்றுவரை தெரியாது.

"அந்த சூப்பர்வைசர் தப்ப ஒத்துக்கணுமேங்க?"

"ஒத்துக்கிட்டேன்" என்றார் சண்முகசுந்தரம்.